பெல்ச்சா ஓடைப் பல்லன்கள்

வாய்க்கால் மராமத்து நாளன்று பெல்ச்சா ஓடைப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வீட்டில்தான் அடுப்பு எரியும். ஓடைத் தலைப்பில் யார் வீடு இருக்கிறதோ அந்த வீட்டில். மற்ற வீட்டுப் பெண்கள் ரொட்டியையும் ஆட்டுப்பால் கட்டியையும் ஒயின் பாட்டிலையும் கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டு, ஆண்களோடு சேர்ந்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிடுவார்கள். கடைசி மதகில் தொடங்கித் தூர்வாரிக்கொண்டே மேலே வர வேண்டும். தலைப்பு வீட்டுக்கு வந்து சேரும்போது எல்லோருக்கும் வயிறு காந்தும். ஆனாலும் சாப்பிட உட்காருமுன் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். ஓடையில் பல்லன் கட்டிய அணை இருந்தால் நீளக் கொக்கியைப் போட்டு அதைப் பிடுங்கி எறிய வேண்டும். அடைபட்ட தண்ணீர் சேறும் குச்சியுமாகச் சீறிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து எல்லோரும் ஓவென்று கத்துவார்கள். அதற்கப்புறம்தான் ஆட்டுக்கறிக் குழம்பு.

பீவர் என்று அந்த நீர்ப்பிராணியை அங்கே ஒருவரும் வாய் நிறையச் சொல்வதில்லை. பல்லன்தான். ஆரஞ்சு நிறத்தில் உளி போல இரண்டு முன்பற்கள். அதை வைத்தே மரத்தை அறுத்துச் சாய்த்து, விளாரையும் சேற்றையும் சேர்த்துப் பின்னி ஓடையைக் கட்டிப்போட்டுவிடும். தட்டையான வாலால் தண்ணீரில் ஓர் அறை அறைந்தால் துப்பாக்கி வெடித்ததோ என்று குதிரை மிரளும். ஆட்டு மந்தையோடு ஐரோப்பாவின் பாஸ்க் மலைநாட்டிலிருந்து அமெரிக்க நெவாடாவின் இந்த வடக்கு மூலைக்கு வந்து சேர்ந்த காலந்தொட்டு, ஆடு போய் மாடு வந்த பிறகும், அந்தக் குடும்பங்களுக்குப் பல்லன் என்றால் தண்ணீர்த் திருடன்தான்.

அந்த வருஷம் மராமத்துக்காரர்கள் சேறு அப்பிய கால்களோடு தலைப்புக்கு வந்தபோது அடுப்படியில் ஆளில்லை. வீட்டுக்காரி மயாலென் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பல்லன் அணையின் நடுவில் நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, தோள் அகன்ற பெண்பிள்ளை. கையில் மண்வெட்டி.

அவளுடைய கொழுந்தன் மிச்செல் கொக்கியோடு முன்னால் வந்தான். ஓடையில் கீழே அடுத்த நிலம் அவனுடையது. அப்பன் சொத்தை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு முள்கம்பி வேலி போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் அவன் மதகு.

"மதினி, அடுப்புல கறி தீயுது."

"தீயாது. அணைச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்பச் சரி, நகருங்க. கொக்கி மேல பட்டுறப் போவுது."

"கொக்கி இங்க படாது. இந்த அணையில எவன் கை வைக்கானோ அவனுக்கு என் வீட்டுல சாப்பாடு கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். மயாலென் சிரிக்கவில்லை.

"சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. கறிச்சட்டி, பீன்ஸ் சட்டி ரெண்டையும் பிக்கப்புல ஏத்திப் பூட்டியாச்சு. சாவி என் பையில."

பிக்கப் வண்டியின் முன் இருக்கையில் அவள் புருஷன் பெயோ உட்கார்ந்திருந்தான். குதிரை தள்ளி இடுப்பெலும்பு முறிந்து, இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பதே பெரும்பாடு. சட்டிகளோடு தன்னையும் சேர்த்துப் பூட்டிவிட்டாள் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"ஏட்டி, ஊரே பாக்குது. மானத்தை வாங்காத."

"பாக்கட்டும்! நல்லா பாக்கட்டும்!"

வாய்க்கால் தலைவர் எல்வுட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பதமாகப் பேசிப் பார்த்தார். "அம்மா, இது வருஷா வருஷம் நடக்கிறதுதானே. உங்க மாமனார் காலத்துல வெடி வச்சே எடுத்தோம்."

"எடுத்தீங்க. எடுத்து என்னத்தைக் கண்டோம் சொல்லுங்க? பனி உருகுன தண்ணி தலைதெறிக்க ஓடி வருது, அதே வேகத்துல போயிருது. ஓடை அறுத்து அறுத்து ஆள் உசரத்துக்குக் குழியா கெடக்கு. மேல இருக்கிற புல்லுக்கு வேர் எட்டுமா? மூணு வருஷமா ஓடை ஜூலை தாண்டல. லாரியில தண்ணி சுமந்து மாட்டுக்கு ஊத்துனது யாரு, நீங்களா நானா? மலைக்கு அந்தாண்ட ஒரு பண்ணையில போய் என் கண்ணால பாத்துட்டு வந்தேன். பல்லனை விட்டு வச்சிருக்கான். செப்டம்பர்ல போனேன், புல்லுல கால் வச்சா சதக்குங்குது."

"அவன் ஓடை வேற, நம்ம ஓடை வேற மதினி. இங்க பிடிச்சு வைக்கிற தண்ணி என் மதகுக்கு வர வேண்டிய தண்ணி. அதுவுமில்லாம அண்ணன் சரின்னுட்டான். போன வாரமே பிடுங்கிக்கோன்னு வாக்குக் கொடுத்துட்டான்."

மயாலென் திரும்பி வண்டியைப் பார்த்தாள். பெயோ கண்ணாடியை மெல்ல மேலே ஏற்றினான்.

அவளுக்கு வலித்தது. இரண்டு வருஷமாகக் கன்று ஈன வைப்பதும் வேலி கட்டுவதும் புல் அறுப்பதும் அவள்தான். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். இந்தக் கோடையிலும் ஓடை வற்றினால் தாய்ப்பசுக்களை லாரியேற்றி விற்றுவிட்டு டவுனுக்குப் போய்விடுவது என்று புருஷனும் பெண்சாதியும் பேசி முடித்திருந்தார்கள். அதற்கு அவள் சம்மதித்ததே இந்த அணையை நம்பித்தான்.

"சரி," என்றாள். "அவரு வாக்குக் கொடுத்தாரு. நானும் ஒரு வாக்குத் தாரேன். ரெண்டாம் புல்லறுப்புக்கு முன்னால உன் மதகுல தண்ணி வராம நின்னா, நீ கொக்கி எடுக்க வேண்டாம். நானே என் கையால அணையைத் திறந்து விடுறேன்."

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றான் மிச்செல். "நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது."

"மாத்திப் பேசுற வழக்கம் எனக்கு இல்ல. உங்க குடும்பத்துல வேணா இருக்கும்."

அத்தனை பேரும் பசியில் இருந்தார்கள். எல்வுட் கொக்கியை வாங்கித் தரையில் போட்டார். மயாலென் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

பல்லனோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை என்பது அதற்கடுத்த வாரமே தெரிந்துபோயிற்று. ஓடையை மறிக்க விட்டால் பாதையையும் மறிப்பேன் என்று கிளம்பிவிட்டது பல்லன் கூட்டம். கொட்டகைக்குப் போகும் வண்டிப்பாதைக்கு அடியில் ஒரு குழாய்ப்பாலம். இரவில் அதன் வாயைச் சேறு வைத்து அடைத்துவிடும். விடிந்ததும் மயாலென் குனிந்து நின்று குச்சி குச்சியாகப் பிடுங்கி எடுப்பாள். மறுநாள் திரும்ப அடைத்திருக்கும். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே அதற்குப் பொறுக்காது. கடைசியில் ஓட்டை போட்ட நீளக் குழாய் ஒன்றை அந்தச் சேற்றடைப்புக்குள் செருகி, அதன் வாயில் கம்பிக்கூண்டு கட்டினாள். சத்தமில்லாமல் தண்ணீர் கீழே இறங்கியது. பல்லனுக்கு எங்கே கசிகிறது என்று பிடிபடவில்லை. குழாயைச் சுற்றிச் சுற்றி நீந்திப் பார்த்துவிட்டு வாலால் ஓர் அறை அறைந்துவிட்டுப் போயிற்று.

பெயோவுக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை. சாயங்காலமானால் வண்டியை அணைப்பக்கம் ஓட்டி நிறுத்தச் சொல்லி, மாடு பார்க்கிற தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொள்வான்.

"அந்தா பெரியவன் வாரான். வாயில முழுக்கிளை. நான் வச்ச பாப்ளர் மரத்தையா அறுத்திருக்கான், திருட்டுப்பய?"

"அதுக்குத்தான் கம்பிவலை சுத்துவோம்னேன். நாளைக்கு நாளைக்குன்னீங்க."

"நானா சுத்த முடியும்? என் கதி தெரியாதா உனக்கு?"

"வாக்குக் கொடுக்க மட்டும் முடிஞ்சுதாக்கும்."

பெயோ தொலைநோக்கியை இறக்கவில்லை. "அவன் என் தம்பி மயா. படுத்த படுக்கையா கெடந்தப்ப அவன்தான் என் மாட்டை மேச்சான். வந்து கேட்டான், மறுக்க வாய் வரல. நீ இப்படி மல்லுக்கு நிப்பேன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? கட்டி எத்தனை வருஷமாச்சு?"

"சரி, தெரியும். அதனாலதான் உன்கிட்டச் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவன் தொப்பியைத் தட்டிவிட்டாள். அன்று இரண்டு குட்டிகள் தாயின் பின்னால் நீந்தி வந்தன. ஒவ்வொன்றும் ரொட்டித் துண்டு அளவுதான் இருக்கும். பெயோ அதற்கப்புறம் திருட்டுப்பய என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டான்.

ஜூலை பிறந்தது. அக்கம்பக்கத்து ஓடைகள் எல்லாம் கூழாங்கல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சேஜ் புதர்கள் தொட்டால் ஒடிந்தன. மயாலென் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் புல்வெளியில் அங்கங்கே குத்திப் பார்த்தாள். போன வருஷம் இதே நாளில் மண்வெட்டி டங்கென்று எகிறியது. இப்போது ஒரு சாண் இறங்கியதும் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தது. அணைக்கு மேலேயும் பல்லன் இரண்டு சிறிய அணைகளைக் கட்டியிருந்தது. மாடுகள் வரிசையாக வந்து தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் படுத்து அசைபோட்டன. அவளுக்கு மனசு நிறைந்து வந்தது. ஆனாலும் மிச்செலின் மதகு ஒன்று இருந்ததே. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அங்கே தண்ணீர் நாளுக்கு நாள் இளைத்தது.

ஜூலை முடியுமுன் மிச்செல் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றாமல், உட்காராமல்.

"மதகுல தண்ணி நின்னுபோச்சு மதினி."

"வந்து பாத்தேன்."

"ரெண்டாம் பயிரு மண்டியிட்டுக் கெடக்கு. இன்னும் ஒரு வாரம் தாங்காது."

"ஒரு வாரம் பொறு மிச்செல். மண்ணு இப்பத்தான் குடிச்சு முடிச்சிருக்கு. காலம் காலமா காஞ்ச மண்ணு, அது குடிக்காம விடுமா? குடிச்சு நிறைஞ்சா பக்கவாட்டுல கசிஞ்சு உன் பக்கம் வரும். வேலிக்கிட்டக் கரையில பாரு, ஈரம் தெரியுது."

"ஈரத்தை வச்சு நான் என்ன செய்ய? நக்கவா?"

பெயோ தாங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஏலே, அண்ணன் சொல்றேன், ஒரு வாரம் பொறு."

"அண்ணன் ஏற்கெனவே ஒண்ணு சொன்னான். அதுவே நிக்கல."

பெயோ உட்கார்ந்துவிட்டான். மயாலென் உள்ளே போய் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து மிச்செலே ஓர் அடி பின்வாங்கினான்.

"வாக்கு வாக்குதான். வா. ஆனா நான் சொல்றபடிதான் திறக்கணும். ஒரு முழம் அகலத்துக்கு வாய் வச்சுச் சன்னமா விடுவோம். ரெண்டு நாள்ல உன் வாய்க்கால் நிறைஞ்சிரும், இங்கயும் பாதி நிக்கும்."

பெயோவை வண்டியோடு கரையில் நிறுத்திவிட்டு, அவள் அணையின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினாள். பல்லன் பின்னின பின்னலைப் பிரிப்பது சடை பிடித்த தலையைச் சிக்கெடுப்பது போலத்தான். ஒரு குச்சியை இழுத்தால் பத்துக் குச்சி கூடவே வரும். அரைமணி நேரத்தில் ஒரு கையகலத்துக்குத் தண்ணீர் வழிந்தது. மிச்செல் கரையில் நின்று பார்த்தான். கீழே வெயிலில் வதங்கும் தன் பயிரை நினைத்தான் போலிருக்கிறது. அவன் அப்பனும் சரி, அந்தப் பள்ளத்தாக்கில் எவனும் சரி, அணையைத் திறந்தால் ஒரேயடியாகத் திறந்துதான் பழக்கம். வெள்ளம் மொத்தமாக வந்தால்தான் வாய்க்காலைத் தள்ளி நிறைக்கும் என்பது அவர்கள் கணக்கு. டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து, அணையின் அடியில் கிடந்த பெரிய மரத்தில் சங்கிலியை மாட்டினான்.

"டேய், வேண்டாம்! நிறுத்துடா!"

அவள் கத்தியது டிராக்டர் இரைச்சலில் கேட்டதோ என்னவோ. மரம் பெயர்ந்து வந்தது. அணையின் நடுவயிறு அப்படியே கிழிந்தது. மயாலென் விளாரைப் பிடித்துத் தொங்கிக் கரையேறினாள். குளம் முழுக்கச் சேறும் நுரையுமாக எழுந்து வேலியைத் தாண்டி ஓடிற்று. வண்டிக்குள் பெயோ கதவை அடித்துக்கொண்டு என்னவோ கத்தினான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. குளம் இருந்த இடத்தில் சேற்றுத்தரை மினுங்கிற்று. மீன்கள் துள்ளின. தண்ணீருக்கடியில் இருந்த பல்லன் வீட்டு வாசல் பட்டப்பகலில் திறந்து கிடந்தது.

மயாலென் சேற்றைத் துடைக்கவில்லை. "இனி என் வீட்டுப்படி ஏறாத," என்றாள். மிச்செல் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குப் பின்னாலேயே போனான்.

சாயங்காலம் மிச்செலின் பெண்சாதி ஜோசெட் நடந்தே வந்தாள். அழுதிருந்தாள்.

"அக்கா, அவரு மதகுலயே நிக்காரு. கூப்பிட்டா வரமாட்டேங்காரு. நீங்க வந்து பாருங்க."

"நான் எதுக்கு வாரேன்? அவன் கேட்ட தண்ணி வந்துச்சுல்ல?"

"வந்துச்சுக்கா. வந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருச்சு."

மயாலென் போனாள். மிச்செல் ஒவ்வொரு வசந்தத்திலும் மதகுக்கு எதிரே சரளைக்கல்லைத் தள்ளிக் குவித்து ஓடையை மறித்துத் தண்ணீரை மதகுமட்டத்துக்கு ஏற்றி வைப்பான். வெள்ளம் அந்தச் சரளை மேட்டை அடையாளமில்லாமல் அடித்துக்கொண்டு போயிருந்தது. அதோடு நிற்காமல் ஓடையின் அடிமண்ணையும் அறுத்திருந்தது. மதகின் வாய் இடுப்புயரத்தில் வறண்டு பிளந்துகொண்டு நின்றது. அதற்குக் கீழே தண்ணீர் கிளுகிளுவென்று ஓடி, யாருக்கும் உதவாமல், உப்புத்தரையில் போய்ச் செத்துக்கொண்டிருந்தது.

நல்லா வேணும் என்று அவளுக்குத் தோன்றிற்று. தோன்றியதை மறைக்கவும் இல்லை.

"நல்லா வேணும்," என்றாள்.

மிச்செல் திரும்பவில்லை. "சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க."

இன்னும் நிறையச் சொல்ல அவளிடம் இருந்தது. ஆனால் அவன் முதுகைப் பார்த்தாள். அண்ணனைப் போலவே கூன் விழுந்த, வெயிலில் வெந்த முதுகு. மதகுக்கு அந்தப் பக்கம் புல் பழுத்துக் கிடந்தது. அந்தப் புல் போனால் அவன் மாடும் லாரியேறும். தன் மாடுகளை நினைத்து எத்தனை இரவு உறங்காமல் கிடந்தோம் என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு வெயிலுக்கு முந்தி ஓடைக்குக் குறுக்க முளை அடிக்கணும்," என்றாள். "என்கிட்ட வேலிக்குச் சீவி வச்ச ஜூனிப்பர் மர முளை கெடக்கு. ஒரு இடத்துக்குத்தான் காணும். இங்கயே அடிப்போம்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பெயோ குதித்தான். குதிக்க முடிந்திருந்தால் நிஜமாகவே குதித்திருப்பான்.

"அவன் மதகுக்கா? நம்ம முளையா? இங்க குட்டியும் தாயும் வாசல் திறந்து கெடக்கு, நரி மோப்பம் பிடிச்சுக்கிட்டு வரும். முதல்ல நம்ம அணையைக் கட்டுட்டி!"

"ஓகோ. பல்லன் மேல அய்யாவுக்கு இம்புட்டுப் பாசமா?"

"பாசமும் இல்ல, கீசமும் இல்ல. நியாயத்தைச் சொல்றேன்."

"நியாயம் நம்ம பக்கம்தான். தண்ணி அந்தப் பக்கம் போவுதே. மேல ரெண்டு சின்ன அணை நிக்குது, நம்ம மாட்டுக்கு அது கொஞ்ச நாள் ஓடும். அவன் புல்லுக்கு நாள் இல்ல."

பெயோ முணுமுணுத்துக்கொண்டே துப்பாக்கியை மடியில் வைத்து, வண்டியைப் பல்லன் வீட்டுக்கு எதிரே நிறுத்தச் சொன்னான். நரி தலையைக் காட்டும்போதெல்லாம் ஹாரனை அடித்தான். இடுப்பு ஒடிந்தவனுக்கு அது ஓர் உத்தியோகமாயிற்று. மூன்றாம் நாள் பல்லன் வீட்டில் சத்தமே இல்லை. குட்டிகளும் இல்லை.

"போயிருச்சுக," என்றான் அவளிடம். அவன் கண் கலங்கியிருந்தது. "குடும்பத்தோட போயிருச்சுக மயா."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மதகுக்குப் போய்விட்டாள். போனது போகட்டும், கையில் இருப்பதைக் கட்டுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். ஓடையின் குறுக்கே ஜூனிப்பர் முளைகளை வரிசையாக நிறுத்தி, இரும்புக் குழாயால் ஓங்கி ஓங்கி அடித்து இறக்கினார்கள். முளைகளுக்கிடையில் வில்லோ விளார்களை உள்ளும் வெளியுமாகக் கொடுத்து, கூடை முடைவது போலப் பின்னினார்கள். ஜோசெட் விளார் வெட்டிப் போட்டாள். மிச்செல் அடித்தான், மயாலென் பின்னினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இது நிக்குமா மதினி? சல்லடை மாதிரியில்ல இருக்கு."

"சல்லடை மாதிரித்தான் இருக்கணும். முழுசாத் தடுத்தா வாரி அடிக்கும். உனக்குத்தான் தெரியுமே."

மத்தியானம் அவள் கூடையைத் திறந்தாள். சொரிசோ இறைச்சி போட்ட பீன்ஸ், பூண்டு தடவின ரொட்டி. ஜோசெட்டுக்கு ஒரு தட்டு நிறைய வைத்தாள், தனக்கு வைத்தாள், மூடிவிட்டாள். மிச்செல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் டிராக்டர் பெட்டியிலிருந்து காய்ந்த ரொட்டித்துண்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தான்.

"அக்கா, பாவம்க்கா," என்றாள் ஜோசெட்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். கை வச்சவனுக்குச் சாப்பாடு கிடையாது."

முளை வரிசை நின்றது. தண்ணீர் அதில் மோதி, தயங்கி, கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் மதகின் வாய்க்கு ஒரு முழம் பாக்கி இருந்தது. விளார் இடுக்குகளில் சலசலவென்று ஒழுகிக்கொண்டே இருந்தது. மிச்செல் வைக்கோலையும் புல்கட்டியையும் கொண்டுவந்து திணித்தான். அதைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் திணித்தான், இரண்டு நாளும் போயிற்று. பெயோ லாரிக்காரனுக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வந்து மாட்டைப் பார்த்துப் போகச் சொன்னான். மயாலென் அதைக் காதில் வாங்கிக்கொண்டே பாத்திரத்தை விளக்கினாள். மேலே இருந்த சிறிய அணைகளில் தண்ணீர் கலங்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. கட்டினவன் இல்லாமல் கசிவை யார் அடைப்பது?

ஒரு காலைவேளையில் போன் அடித்தது. மிச்செலின் குரல் கரகரத்தது.

"மதினி, உடனே வாங்க. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"என்னாச்சு? முளை சாஞ்சிருச்சா?"

"சாயல. வந்து பாருங்க. உங்க பல்லன் என் மதகு வாயை அடைச்சு வச்சிருக்கான்!"

பெயோ பூட்ஸைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. வண்டி வேலிப்பக்கம் வந்ததும் மயாலென் பிரேக்கை மிதித்தாள். அதற்குமேல் போக வழியில்லை. முள்கம்பி வேலி தண்ணீருக்குள் நின்றது. நேற்றுவரை காய்ந்து கிடந்த மண்ணில் தண்ணீர் பரந்து, வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய புல்வெளிக்குள்ளும் வந்துவிட்டது. அவளுடைய மாடுகள் கரையில் நின்று குடித்தன. மிச்செலின் மாடுகளும் அந்தப் பக்கக் கரையில் நின்று குடித்தன. நடுவில் இரண்டு சின்னத் தலைகள் நீந்திப் போயின.

"குட்டி!" என்று பெயோ அலறினான். "ஏட்டி, குட்டிட்டி! ரெண்டும் இருக்கு!"

முளை வரிசையைப் பல்லன் சேற்றால் பூசி, கல் வைத்து, வெட்டின கிளைகளைச் சொருகி அடைத்திருந்தது. ஆள் வைத்துக் கட்டினாலும் அப்படிக் கட்ட முடியாது. தண்ணீர் மதகுமட்டத்துக்கு ஏறி நின்றது. ஆனால் பல்லனுக்கு அணைக்கும் மதகுக்கும் வித்தியாசம் தெரியுமா? எங்கே தண்ணீர் சத்தம் கேட்டதோ அங்கெல்லாம் அடைத்துவிட்டது. மதகின் வாயில் பெரிய சேற்றுருண்டை. மிச்செல் முழங்கால் தண்ணீரில் அதன் முன் நின்றான். கையில் நீளக் கொக்கி. ஆனால் அது தண்ணீரில் படவில்லை.

"எம்புட்டு நேரமா நிக்கிற?" என்றாள் மயாலென்.

"விடிஞ்சதுல இருந்து."

"பிடுங்க வேண்டியதுதானே?"

"எதைப் பிடுங்கணும், எதை விடணும்னு நீங்க சொல்லணும் மதினி. போன தடவை நானாச் செஞ்சு பாத்தாச்சு."

அவள் தண்ணீரில் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். "கொக்கியைக் கரையில போடு. கையை விடு. மதகு வாயில இருக்கிறதை மட்டும் எடு. அணையில ஒரு குச்சி அசையக் கூடாது."

மிச்செல் கொக்கியை எறிந்துவிட்டுக் குனிந்தான். சேற்றை வழித்தான், குச்சிகளை உருவினான். கொஞ்ச நேரத்தில் மதகுக்குள் தண்ணீர் நுழைந்து வாய்க்காலில் வளைந்து ஓடிற்று. வாய்க்கால் மண் உஸ்ஸென்று குடிப்பது கேட்டது. மிச்செல் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான். முகம் முழுக்கச் சேறானது.

"நாளைக்கும் அடைப்பான்ல?"

"அடைப்பான். நீயும் பிடுங்குவ. நான் குழாய்ப்பாலத்துல எத்தனை நாள் குனிஞ்சேன்னு நினைக்கிற? அப்புறம் ஒரு குழாயும் கூண்டும் கட்டுவோம். அதுவரைக்கும் காலையில முதல் வேலை இதுதான்."

"என்ன வேலையை இழுத்து விட்டீங்க மதினி."

"நானா இழுத்து விட்டேன்? அங்க சுகமா இருந்தவனை டிராக்டர் போட்டுத் தொரத்தி, நீயில்ல உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த!"

கரையில் பெயோ போனில் பேசிக்கொண்டிருந்தான். குரல் பெரிய குரல், தண்ணீர் தாண்டிக் கேட்டது. "ஆமா, நான்தான் பேசுறேன். லாரி வேண்டாம். இந்த வருஷம் மாடு விக்கல. அடுத்த வருஷமா? அடுத்த வருஷமும் விக்கல." போனை அணைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான். மயாலென் அவனையே பார்த்தாள். இந்தத் தடவையும் அவளைக் கேட்காமல்தான் வாக்குக் கொடுத்திருக்கிறான். கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது, அதையும் விட்டுவிட்டாள்.

அவள் கரையேறும்போது மிச்செல் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"மதினி."

"என்ன?"

"பசிக்குது. காலையில இருந்து ஒண்ணும் தின்னல."

"கை வச்சவனுக்குச் சாப்பாடு கிடையாதுன்னு சொன்னேன்ல?"

மிச்செல் சேறு வழியும் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"மதகு வாயில மட்டும்தான் கை வச்சேன் மதினி. அணையைத் தொடல."

மயாலென் திரும்பி அணையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஒரு குச்சியும் அசைந்திருக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வா," என்றாள். "கறி நேத்து வச்சது. சுட வைக்கணும்."